அன்ரி டெல்மாவுக்கு நான் ஏற்பாடு செய்த வரவேற்பு

இத்தாலியின் பலேர்மோ நகரில் இறங்கிய அன்றே நான் கள்ளன் ஆகிவிட்டேன். புறப்படும்போது மனைவி, பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார். என்னுடைய பெட்டி எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். விடுதிக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே சின்னப் பிள்ளைகளின் உதைபந்தாட்டச் சப்பாத்துகளும் காலுறைகளும். எல்லாம் தோய்க்காதவை. அன்ரி டெல்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த வயதில் விளையாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

அன்ரி டெல்மா ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண். இளவயதிலிருந்து நடிகை. மேடை, தொலைக்காட்சி, சினிமா எல்லாவற்றிலும் நடித்தவர். அன்ரி என்பது நானாக வைத்த உறவு இல்லை. அவர்களுடைய சனத்தில் மூத்த பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. எங்களுக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் அன்ரிதானே.

நான் யார் என்று கேட்டால், அடிலெய்டில் தபால் பிரித்து ஓய்வுபெற்றவன். வீட்டில் இருந்து உயிரை வாங்காமல் எங்கேயாவது போங்கோ என்று மனைவி கலைத்ததில் பக்கத்துச் சமூக நிலையத்தின் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். விளக்குப் போடவும் பாட்டுப் போடவும் பழக்கினார்கள். அன்ரியோடு வழக்கமாகப் போகும் பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. பலேர்மோவில் ஒரு நாடக விழா. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தவன் நான்தான். உலக அரங்கில் தமிழனின் பங்களிப்பு என்று நான் வீட்டில் பேசத் தொடங்கியபோது மனைவி இடைமறித்தார். "அவா நல்லா நடிப்பா. நீங்கள் கண்டபடி வாயைத் திறவாமல் இருந்தாச் சரி."

நாடகம் அன்ரியின் சொந்தக் கதை. அவருடைய அக்கா எழுதியது. அக்காவும் தங்கையும் சேர்ந்தே அதை ஊர் ஊராக நடித்தார்கள். போன வருடம் அக்கா இறந்துவிட்டார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்ரியின் சனத்தில் இறந்தவருடைய பெயரைச் சொல்லமாட்டார்கள், படத்தையும் காட்டமாட்டார்கள். குடும்பத்தார் இனிப் பரவாயில்லை என்று சொல்லும்வரை அப்படித்தான். அதற்காகப் பழைய சுவரொட்டிகளை எல்லாம் மாற்றினார்கள். புறப்பட முன்னர் அன்ரி என்னை எதிரில் இருத்தி இதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பலேர்மோதான் அவர் தனியாக ஏறும் முதல் மேடை. அங்கே முடிந்தால் தொடர்ந்து நடிப்பேன், முடியாவிட்டால் இதோடு போதும் என்றும் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் பெட்டியை மாற்றி எடுத்தேன். சப்பாத்துகளின் சொந்தக்காரர் ஒரு பயிற்சியாளர். விமான நிலையத்துக்குக் குழுவையே கூட்டிவந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். அந்த வயதில் நானும் கள்ளனை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

திரும்பி வரும்போது பசி. போர்கோ வெக்கியோ சந்தைக்குள் நுழைந்தோம். வீதியின் நடுவில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, பக்கத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறான், மேலே கொடியில் படுக்கை விரிப்பு சொட்டுகிறது. கடலை மாவைக் கிண்டி, துண்டாக வெட்டி, பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். உள்ளே வாழைக்காய் வைக்க மறந்துபோன பஜ்ஜி என்று நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அன்ரி இரண்டாவதை முடித்துவிட்டார். அவர் விரலால் காட்டி இன்னொன்று கேட்டார். நானும் சும்மா இருக்காமல் பக்கத்துக் கடையில் ஒரு பாண் வாங்கிக் கடித்தேன். பாதியில்தான் அது மாட்டின் மண்ணீரல் என்று தெரிந்தது. ஐந்து சந்ததி சைவம் என்று பெருமை பேசும் குடும்பம் எங்களுடையது. மிச்சப் பாதியையும் சாப்பிட்டேன்.

மீன் கடையில் ஒரு பெண் கடைக்காரனோடு இத்தாலிய மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் தமிழில், தனக்குத்தானே, "நேற்றையான் மீனை இண்டைக்கு விக்கிறான்" என்றார். அப்ப வாங்காதேங்கோ என்றேன். அவர் துள்ளித் திரும்பினார். பிறகு கேட்கவேண்டுமா? அண்ணை எவடம், எந்தப் பகுதி, ஆருடைய ஆள், எல்லாம் கடகடவென்று வந்தது. அவர் பெயர் ஜெசிந்தா. மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். பக்கத்து ஊரான பகேரியாவில், சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெள்ளிக்கிழமை இங்கே வீட்டுக்கு வந்தால் ஞாயிறு இரவுதான் திரும்புவார்.

அன்ரி பனெல்லேயில் இருந்தார். நான் கதையில் இருந்தேன். விழாவை நடத்தும் கியாரா என்ற பெண், டிக்கெட் விற்கவில்லை என்று காலையில்தான் கண் கலங்கியிருந்தார். நான் விடுவேனா. எங்கட சனத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ, பெரிய நடிகை, உலகப் புகழ், கூடப் பிறந்த அக்கா போன வருடம் செத்துப்போனா, தனியாக நிற்கிறா, ஒரு நல்ல வரவேற்புக் கொடுக்கவேணும் என்று சந்தை நடுவில் நின்று உருகினேன். ஜெசிந்தாவின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ பாவம். நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை. ஞாயிறு பூசை முடிய எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாறன். வரவேற்பை எங்களிட்டை விடுங்கோ." நான் விட்டேன். அவரிடம் நான் சொல்லாதது ஒரேயொரு விஷயம்தான்.

சனிக்கிழமை அன்ரி பகேரியாவில் உள்ள ஒரு பழைய மாளிகையைப் பார்க்கவேண்டும் என்றார். மதில் முழுக்கப் பூதச் சிலைகள். ஒன்றுக்கு மனிதத் தலையும் குதிரைக் காலும், இன்னொன்று கூன் விழுந்து வயலின் வாசிக்கிறது. அன்ரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இவனோடு நான் நடித்திருக்கிறேன், இவன் ஒரு தயாரிப்பாளர் என்று அறிமுகப்படுத்தினார்.

திரும்பும்போது பஸ் ஒரு ஒடுங்கிய தெருவில் நின்றுவிட்டது. யாரோ காரைக் குறுக்கே விட்டிருந்தார்கள். சாரதி ஹோர்னை அமத்திப் பிடித்தார். மேல்மாடியில் ஒரு பெண் வந்து, காரின் சொந்தக்காரர் சாப்பிடுகிறார், இப்போதுதான் பாஸ்தா போட்டேன், ஆறிவிடும் என்றாராம். முன்சீட்டுக்காரர் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஊராக இருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். இங்கே சாரதி, என்ன பாஸ்தா என்று கேட்டார். மத்தி மீன் என்று பதில் வந்தது. அப்படியென்றால் சரி என்று எஞ்சினை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அன்ரி தன் தொழிலைப் பற்றிப் பேசினார். முதல் வேடம் பிணம். ஒரு பொலிஸ் தொடரில் ஆற்றங்கரையில் செத்துக் கிடக்கவேண்டும். முகத்தில் ஈ மொய்த்தது. கையால் கலைத்தார். இயக்குநர் திட்டிவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் ஈ. அதற்குப் பிறகு பல வருடம் வேலைக்காரி. தட்டுக் கொண்டுபோகும் கை மட்டும் படத்தில் தெரியும், மற்றவர்களுடைய முகம் தெரியும். ஒரு இயக்குநர், உன் சனத்தைப் போல இன்னும் கொஞ்சம் நட என்றாராம். எந்தச் சனம், என் சித்தி வங்கியில் வேலை செய்கிறாள், அவளைப் போல நடக்கட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த வேடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

அக்காதான் ஒருநாள், கை காட்டியது போதும் வா என்று இவரை இழுத்துக்கொண்டு போனார். பழைய வான் ஒன்றை வாங்கி, பின்னுக்கு மேடைத் திரையைச் சுருட்டிப் போட்டு, இரண்டு பேருமாக ஊர் ஊராக நடித்தார்கள். சிறைச்சாலையில், பாடசாலையில், கால்பந்துத் திடலில். அக்கா எழுதுவார், வான் ஓட்டுவார், உடுப்புத் தைப்பார். வானுக்குள் படுத்துக்கொண்டு வசனம் சொல்லிப் பார்ப்பார்களாம். தலை நரைத்த பிறகு அன்ரிக்கு ஒரு படத்தில் பெரிய வேடம் கிடைத்தது, விருதும் கிடைத்தது. விழா முடிந்து, விருதைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் நின்று கை காட்டினால் ஒரு டாக்ஸியும் நிற்கவில்லை. அக்கா அந்த வானை ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றிப் போனார்.

இதைச் சொல்லிவிட்டு அன்ரி சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாய் துடைக்கும் துணியோடு காரின் சொந்தக்காரர் இறங்கி வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சாப்பாடு எப்படி என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நகரின் கால்சாப் பகுதியில், ஒரு காலத்தில் சிற்றாலயமாக இருந்த கட்டடம். நான் மத்தியானமே போய், பின்சுவரோரம் விளக்குப் பலகையைச் சரிபார்த்துவிட்டு, வயர்களுக்கு அடியில் குனிந்து இருந்தேன். வாசலில் தமிழ்ச் சத்தம் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் சொன்னதும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பார், மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று எழுந்தேன்.

வாசலுக்கு வந்ததும் குளிர்ந்த உச்சி கொதித்தது. நடைவாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் பங்குக் கோயிலின் குத்துவிளக்கு, ஏற்றியபடி. நடுவில் பெரிய சட்டத்துக்குள் அன்ரியின் அக்கா சிரிக்கிறார். மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே அவருடைய பெயர், தமிழில் ஒருமுறை, இத்தாலிய எழுத்தில் ஒருமுறை. நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடி ஜெசிந்தாவின் மகள் போனில் கண்டுபிடித்த படம். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை யாருக்கும் செய்துவிட முடியாது. ஒரு குறையும் வைக்காமல் செய்திருந்தார்கள்.

அன்ரி படிக்கட்டில் நின்றிருந்தார். உள்ளே காலை எடுத்து வைக்கவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கவனமாகப் படியில் வைத்தார். திரும்பி நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். கியாரா என் பின்னால் ஓடினார். பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு பூங்கா. அங்கே பிரமாண்டமான ஒரு அத்திமரம், கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்கித் தூண் தூணாக நிற்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்து நட்டது. அதன் அருகே ஒரு நீட்டு வாங்கில் அன்ரி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. நான் என்னவோ எல்லாம் உளறினேன். என்னுடைய பிழை, நான்தான் சொல்லவில்லை, நான் ஒரு மடையன் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

"அவளை நான் இன்னும் முழுதாகப் போகவிடவில்லை. நீங்கள் கூப்பிட்டு வாசலில் இருத்திவிட்டீர்கள். அவளைத் தாண்டி நான் எப்படி உள்ளே போய் நடிப்பேன்?" என்றார். பிறகு, நடிக்கமாட்டேன் என்றார். இன்றைக்கா என்று கியாரா கேட்டார். இனிமேல் என்றார்.

ஒரு மனுஷியின் வாழ்நாள் தொழிலை மீன் கடையில் நின்று வாயால் முடித்து வைத்திருக்கிறேன். சனம் கேட்டால் என்ன சொல்வது? மனைவி கேட்டால் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா வந்தார். கோயிலுக்கு உடுத்த சேலை, முகத்தில் கோபம். படத்தை எடுக்கச் சொல்லி, விழாவில் வேலை செய்யும் ஒரு பெடியன் சொல்கிறானாம். "ஏன் அண்ணை எடுக்கவேணும்? படத்தை எடுத்தா அந்த மனுசியை மறந்த மாதிரியல்லோ?" நான் அப்போதுதான், முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னேன். பெயர் சொல்லமாட்டார்கள், படம் வைக்கமாட்டார்கள் என்றேன். அது மறப்பதற்காக அல்ல, போகிறவரை இழுத்துப் பிடிக்காமல் போகவிடுவதற்காக என்றேன்.

எதிர்த்துக் கதைப்பார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாங்கின் மறுமுனையில் இருந்தார். என்னைப் பார்க்காமல், நான் சொல்லுறதை அவாவுக்கு வடிவாச் சொல்லுங்கோ என்றார்.

"எங்கட வீட்டிலையும் ஒரு படம் இருக்கு. என்ரை தம்பி, சேவியர். அதுக்கு ஒருத்தரும் மாலை போடேலாது. ஊரிலை சண்டை முடியேக்கை, பேர் பதிய எண்டு ஆமிக்காரங்கள் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். பிறகு ஆளைக் காணேல்லை. ஒருக்கா ஆரோ தெரியாமல் மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டினம். அவன் செத்தெண்டு ஆர் சொன்னது எண்டு அம்மா அதைத் தூக்கி எறிஞ்சிட்டா. எனக்கு விளங்கும். வேறை ஆர் செய்தாலும், நான் இதைச் செய்திருக்கக்கூடாது."

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். அவனுடைய பெயரை நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் சொல்லுவம், சொல்லாமல் விட்டாத்தான் பிழை என்றார் ஜெசிந்தா. நான் சொல்லலாமா என்று அன்ரி கேட்டார். "சொல்லச் சொல்லுங்கோ அண்ணை. எத்தினை பேர் சொல்லினமோ அவ்வளவுக்கு நல்லது." அன்ரி சொல்லிப் பார்த்தார். ஜெசிந்தா திருத்தினார். திரும்பவும் சொன்னார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அன்ரி எழுந்து, அந்த வாசலுக்குப் புகை போட்டு அக்காவை அனுப்பிவைத்தால் உள்ளே போய் நடிப்பேன் என்றார்.

யூக்கலிப்டஸ் இலை வேண்டும். பலேர்மோவில் அதற்குப் பஞ்சமில்லை, கியாரா ஸ்கூட்டரில் போய் ஒரு கட்டு முறித்துக்கொண்டு வந்தார். படத்தை ஜெசிந்தா தன் கையாலேயே துணியால் சுற்றி, மாலையோடு, முகம் தெரியாமல் காருக்குக் கொண்டுபோனார். கோயிலின் சாம்பிராணித் தட்டில் பச்சை இலையைப் போட்டு விசிறும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். ஏதாவது பிராயச்சித்தம் செய்யவேண்டுமே. விசிறின விசிறலில் தீ அபாய மணி அடிக்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்து வீடுகளில் ஆட்கள் பால்கனிக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, எங்கே நெருப்பு என்று கேட்டார். நெருப்பு இல்லை, புகை மட்டும்தான் என்று கியாரா விளக்கினார். கிழவர் வாளியை வைத்துவிட்டு, வந்தது வந்தேன், நாடகத்தையும் பார்க்கிறேன் என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்ரி புகைக்குள்ளே நடந்து மேடை வரைக்கும் போனார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. தமிழர்கள் ஒரு பக்கம், இத்தாலியர்கள் ஒரு பக்கம். பிணமாகக் கிடந்து ஈயைக் கலைக்கும் இடத்தில் சிரிப்புப் பறந்தது. தட்டுக் கொண்டுபோகும் இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வீடு துடைத்து, கிழவிகளைக் குளிப்பாட்டிப் பிழைக்கிற பெண்கள்தானே அந்தப் பக்கம் முழுக்க. வசனத்தை மொழிபெயர்த்துச் சுவரில் ஓடிய இத்தாலிய எழுத்தை ஒரு கட்டத்துக்குமேல் அவர்கள் பார்க்கவேயில்லை. அன்ரியின் கையையே பார்த்தார்கள்.

கடைசிக் காட்சி ஆற்றங்கரை. அக்காவும் தங்கையும் சின்னப் பிள்ளைகள். பொழுதுபடுகிறது, அக்கா நீந்தித் தூரத்துக்குப் போய்விட்டாள், தங்கை அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் அக்கா மண்டபத்தின் பின்னால் நின்று பதில் குரல் கொடுப்பாராம். இனி அந்தப் பெயரைச் சொல்லமுடியாது. ஆகவே ஒத்திகையில் அன்ரி இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் நின்றார். அந்த மௌனத்தில் நான் விளக்கை மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். என் வேலையில் கஷ்டமானது இது ஒன்றுதான்.

அன்ரி மேடையின் விளிம்புக்கு வந்தார். கைகளைக் குவித்தார். நான் விரலை விளக்குப் பலகையின் பிடியில் வைத்தேன்.

"சேவியர்!"

ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி நீட்டிக் கூப்பிட்டார். ஜெசிந்தா திருத்திக்கொடுத்த அதே உச்சரிப்பு. பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டார். சாப்பாடு ஆறுகிறது, எவ்வளவு நேரம்தான் விளையாடுவாய் என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல்.

என் விரல் அசையவில்லை. விளக்கு குறையவில்லை. தமிழர்கள் பக்கத்தில் ஜெசிந்தா எழுந்து நின்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் எழுந்தார்கள். யார் அந்தச் சேவியர் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், தமிழரும் இத்தாலியரும், முன்வரிசைக் கிழவரும், எல்லோருமாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.